பச்சைக்கல் வெளுத்த வாரம்

பிறத்தியார் நகையைக் கையில் வாங்கிப் பிழைக்கிறவளுக்குப் பயம் கூடப் பிறந்தது மாதிரி. எங்கே போனாலும் பின்னாலேயே வரும். தனகோட்டி பதினோரு வருஷமாக நெய்வேலி டவுன்ஷிப்பில் வீடு வீடாகப் போய் வெள்ளிச் சாமானும் கல் நகையும் துலக்கிக்கொடுத்து வந்தாள். அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு குண்டுமணி குறைந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றும்போது இன்றைக்கு ஏதாவது குறைந்துவிடுமோ என்று நினைப்பாள்.

அதற்காகவே சில வழக்கங்களை வைத்திருந்தாள். பின்கட்டில் உட்கார்ந்து துலக்க மாட்டாள். ஹாலில், ஃபேனுக்குக் கீழே, எல்லாரும் பார்க்கிற இடத்தில் வெள்ளைத் துண்டை விரித்து உட்காருவாள். வாஷ்பேசின் பக்கமே போவதில்லை. கழுவுவதெல்லாம் ஒரு சட்டித் தண்ணீரில். அந்தத் தண்ணீரையும் டீ வடிகட்டியில் ஊற்றி, வடிகட்டியை வீட்டுக்கார அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் செடிக்குக் கொட்டுவாள். "நீங்க இங்கியே குந்திகினு இருங்கம்மா, எனக்கும் பேச்சுத் துணையா இருக்கும்" என்பாள். எழுந்து கிளம்பும்போது முந்தானையை ஒரு தரம் உதறுவாள். உதறு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டுவிடக் கூடாதே என்றுதான் உதறினாள்.

அவள் பிறந்தது காடாம்புலியூர். அம்மாவோடு சேர்ந்து முந்திரி உடைத்து வளர்ந்தவள். முந்திரி ஓட்டுப் பால் பட்டு வெந்த தழும்பு அவள் விரல்களில் அப்படியே இருந்தது. கலியமூர்த்திக்கு வாழ்க்கைப்பட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே இந்திரா நகரில் குடியேறினாள். அவன் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் ஆகும் ஆகும் என்று காத்திருந்து காது ஓரம் நரைத்துவிட்டது. அவள் முதலில் பாத்திரம் தேய்க்கத்தான் குவார்ட்டர்ஸுக்குள் போனாள். இந்த ஊர்க் காற்றுக்கு வெள்ளி சீக்கிரம் கறுக்கிறது என்று அங்கே எல்லா அம்மாக்களும் குறைப்பட்டுக்கொள்வார்கள். ஒரு வீட்டில் குத்துவிளக்கைத் துலக்கிக் கொடுத்தாள். அது நன்றாக வந்தது. அந்த வீட்டு அம்மா அடுத்த வீட்டில் சொன்னாள். அப்படியே தொழிலாகிவிட்டது.

வெறும் வெள்ளி என்றால் அவளுக்குத் துளி சந்தேகமில்லை. பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர், சலித்த விபூதி, மெத்தென்ற பிரஷ் போதும். ரொம்பக் கறுத்த கொலுசாக இருந்தால் அலுமினியத் தாளில் சோடா உப்புப் போட்டு வெந்நீரில் முக்குவாள். கல் வைத்தது என்றால்தான் கை யோசிக்கும். முத்துக்குப் புளியும் எலுமிச்சையும் ஆகாது, தோல் உரிந்துபோகும். பவழமும் அப்படித்தான். அடியில் தாள் வைத்துக் கட்டிய கெம்புக்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டால் தாள் கறுத்துக் கல் செத்துவிடும். பச்சைக்கல்லுக்கு வெந்நீர் காட்டக் கூடாது. இதெல்லாம் பத்து வீடுகளில் பத்துப் பேர் சொல்லக் கேட்டு மனசில் முடிந்து வைத்தது. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டாயிரத்துப் பதினேழு ஜூன் மாதம் இருபதாவது பிளாக்கிலிருந்து கமலா அம்மா கூப்பிட்டனுப்பினாள். அவள் வீட்டுக்காரர் ராஜாங்கம் சார் மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். முப்பதாம் தேதி பாராட்டு விழா. அது முடிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருச்சிக்குப் போகிறார்கள். விழாவுக்கு முன் வெள்ளி எல்லாவற்றையும் துலக்கிக் கட்டிவைத்துவிட வேண்டும் என்றாள். ஒரு புதன்கிழமை காலையில் தனகோட்டி போனாள்.

பெங்களூரிலிருந்து மருமகள் இளவேனிலும் வந்திருந்தாள். கைக்குழந்தைக்காரி, படபடவென்று பேசுகிற பெண். நெட்டில் ஆர்டர் போட்டு வாங்கிய ஒரு மெஷினை மேஜைமேல் வைத்திருந்தாள். டிபன் டப்பா அளவு இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி கழுவுவார்களே, அந்த மாதிரி. வெந்நீரும் சோப்புத் தண்ணீரும் ஊற்றிப் பட்டனை அழுத்தினால் உஸ்ஸென்று அதிர்ந்து அழுக்கைக் கக்கவைக்கும்.

"ஆன்ட்டி, நீங்க விளக்கையும் தட்டையும் தேய்ங்க. சின்னதெல்லாம் இதுல போட்டுடலாம். மூணே நிமிஷம்" என்றாள்.

கொலுசு போட்டாள்; பளிச்சென்று வந்தது. மெட்டி போட்டாள், அதுவும் வந்தது. தனகோட்டிக்கே ஆச்சரியம். பிறகு இளவேனில் மாமியாருடைய டாலரை எடுத்தாள். கட்டை விரல் நகம் அளவுப் பச்சைக்கல், சுற்றிலும் வெள்ளிக் கட்டு. ராஜாங்கம் சார் கல்யாணமான புதிதில் ஜெய்ப்பூருக்கு ட்ரெயினிங் போனபோது வாங்கிவந்தது. கமலா அம்மா நல்ல நாள் பெரிய நாளில் அதைத்தான் போடுவாள்.

தனகோட்டி பிரஷை நிறுத்தினாள். "அது வந்து..." என்றாள். "என்ன ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் திரும்பிப் பார்த்தது.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மெஷினைப் பார்த்துத் தன் பிழைப்புக்குப் பயந்துபோய்ச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டால்? படித்த பெண், என்னமோ தெரிந்துதான் செய்கிறாள். "ஒண்ணுமில்லம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று நிமிஷம் கழித்து டாலர் ஈரத்தோடு வெளியே வந்தது. ஈரத்தில் அது நன்றாகத்தான் இருந்தது. குழந்தை அழுதது, இளவேனில் டாலரைத் துண்டில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கமலா அம்மா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். தனகோட்டி அதை மெல்லத் துணியில் ஒற்றி எடுத்து, பஞ்சுத்துணியில் சுற்றி, ஈரம் இழுக்க ஒரு சாக்பீஸ் துண்டையும் கூட வைத்து டப்பாவில் மூடிக் கமலா அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா அதைத் திறந்து பார்க்காமலே பீரோவில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது. "தனகோட்டி, கொஞ்சம் வந்துட்டுப் போ." அவ்வளவுதான். என்ன, ஏது என்றில்லை. எப்போதும் 'சாப்ட்டியா' என்று கேட்கிற அம்மா அன்றைக்குக் கேட்கவில்லை. டவுன்ஷிப் ஆர்ச் கேட் வரை சைக்கிள் மிதிப்பதற்குள் புதன்கிழமை துலக்கியதையெல்லாம் தனகோட்டி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டாள்.

ஹாலில் மூன்று பேரும் இருந்தார்கள். மேஜைமேல் டப்பா திறந்திருந்தது. ராஜாங்கம் சார் டாலரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. கல் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் கலந்த மோர் மாதிரி மங்கிப்போய், உள்ளே வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியிருந்தது.

"இது எங்க கல்லு இல்ல" என்றார் அவர்.

"சார்..."

"முப்பது வருஷமா பாக்கறேன். எங்க கல்லு வேப்பங்கொழுந்து மாதிரி இருக்கும். கடைசியா உன் கைலதான் இருந்துச்சு. நீதான் சுத்தி வச்சே. நான் ஒண்ணும் சொல்லல. நீயே யோசி."

தனகோட்டி கமலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளவேனில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள், குழந்தை தூங்கிப்போன பிறகும்.

"சாமி சத்தியமா நான் எதும் மாத்தலைங்க சார். மாத்தறதுக்கு எனக்குக் கல்லுக்கு எங்க போறது? எப்பிடிப் பிரிக்கறதுன்னுகூடத் தெரியாதுங்க."

"போலீஸு கீலீஸுன்னு போறதுல எனக்கு இஷ்டமில்ல. ரிட்டயர் ஆகுற நேரத்துல வேண்டாம்னு பாக்கறேன். செவ்வாய்க்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு."

மெஷின் மேஜையின் மறுபக்கம், அட்டைப்பெட்டிக்குள் மூடியிருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அந்த வீட்டு மருமகள்மேல் பழியைத் திருப்புகிற மாதிரி ஆகும். அதுவும் இவர்கள் முன்னாலேயே. படியிறங்கி சைக்கிளை எடுத்தபோது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள், தனகோட்டி தலையாட்டினாள், அவள் உள்ளே போய்விட்டாள். ஒருவேளை அடுப்பில் எதையாவது வைத்திருப்பாள். தனகோட்டிக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்றைக்கு சாயங்காலமே ஒன்பதாவது பிளாக்கிலிருந்து, "நாளைக்கு வர வேணாம்மா, ஊருக்குப் போறோம்" என்று ஃபோன் வந்தது. வெள்ளிக்கிழமை பூஜை இருக்கிறது என்று சொல்லித்தானே நாளைக்கு வரச் சொன்னார்கள், பிறகு எந்த ஊருக்குப் போகிறார்கள்? பேச்சு அதற்குள் எத்தனை பிளாக் போயிருக்கும் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

கலியமூர்த்தி ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான்.

"அந்த மெஷின்ல போட்டத சொன்னியா?"

"சொல்லல."

"ஏன்டி சொல்லல?"

"எப்பிடி சொல்றது? அந்தப் பொண்ணு அங்கியே நின்னுகினு இருக்குது. அதுவும் இல்லாம, போட வேணாம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிகினு இருந்தேன். அப்ப என் மேலயும் தப்புதான?"

"தப்பு வேற, திருட்டு வேற" என்றான் அவன். "நாளைக்கு ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்தான்னு வையி, எம் பேரும் அதுல வரும். கான்ட்ராக்ட் ஆளு பேரு ஸ்டேஷன்ல இருந்தா மைன்ஸுக்குள்ள போவ பாஸ் குடுப்பானா? இத்தினி வருசம் நாயா ஓடனது என்னா ஆவறது?" கோபமாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. தட்டில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. பிளஸ் டூ படிக்கிற மகள் தமிழ்நிலா புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனகோட்டிக்குப் புரிந்தது ஒன்றுதான். அந்தக் குடும்பம் முதல் தேதி லாரி ஏற்றிப் போய்விடும். அவர்கள் போய்விட்டால் இந்தக் கல் திரும்ப வராது. பேச்சு மட்டும் இங்கேயே தங்கிவிடும். அதை யாரிடம் போய்த் துலக்குவது?

திங்கட்கிழமை காலை, யாரும் கூப்பிடாமலே இருபதாவது பிளாக்குக்குப் போனாள். ராஜாங்கம் சார் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இளவேனிலும் இருந்தாள். தனகோட்டி உட்காரவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, சார், நான் ஒண்ணு சொல்லணும். சின்னம்மா கோவிச்சிக்கக் கூடாது. பச்சக்கல்லுக்கு வெந்நீர் ஆவாதுன்னு சொல்லுவாங்க. அன்னிக்கி அத மெஷின்ல போட்டப்ப நான் சொல்ல வந்தேன், சொல்லாம வுட்டுட்டேன். அது எந் தப்பு. அதுனாலதான் கல்லு இப்பிடி ஆயிருக்குமோன்னு தோணுது."

"மெஷின்ல போட்டா கல்லு மாறுமா?" என்றாள் இளவேனில். முகம் சிவந்துவிட்டது. "கொலுசெல்லாம் நல்லாத்தானே வந்துச்சு! இப்ப நான் கெடுத்தேங்கறீங்களா?"

"அப்பிடி சொல்லலம்மா..."

"வேற எப்படிச் சொல்றீங்க?"

ராஜாங்கம் சார் கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார். "சரி. இப்ப நீ என்ன பண்ணச் சொல்றே?"

"கல்லு தெரிஞ்ச ஆளு யாருகிட்டயாவது காட்டுங்க சார். நான் ஆளு சொல்லல. எனக்கு யாரையும் தெரியாது. நீங்களே பாருங்க. ஆனா என்னையும் கூட்டிகினு போங்க. நான் இல்லாம காட்டாதீங்க." சொல்லி முடித்த பிறகுதான் எத்தனை பெரிய பேச்சு பேசிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஒரு சாரைப் பார்த்து 'காட்டாதீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கமலா அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அவ கேக்கறதுல என்னங்க தப்பு? காட்டுவோம்."

ராஜாங்கம் சார் ஆபீஸில் யாரையோ விசாரித்தார். நெல்லிக்குப்பத்தில் மீரான் மைதீன் என்று ஒருவர், கல் வியாபாரமும் கல் கட்டுகிற வேலையும் பார்க்கிறவர், பொய் பேச மாட்டார் என்றார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் காரில் கிளம்பினார்கள். முன்னால் சார். பின்னால் கமலா அம்மா, குழந்தையோடு இளவேனில், கதவோரம் ஒடுங்கிக்கொண்டு தனகோட்டி. குழந்தை வழியெல்லாம் தனகோட்டியின் கண்ணாடி வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. அதைச் சிரிக்கவைக்கலாமா கூடாதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வழியை அடைத்து முன்னால் ஊர்ந்தது. சார் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். அந்த ஆளுக்கும் தெரியவில்லை என்றால்? வேறு கல்தான் என்று அவர் சொல்லிவிட்டால்? கற்றவர்கள் தப்பாகச் சொன்னாலும் அதுதானே சொல்.

மீரான் மைதீன் கடை ஒரு சந்துக்குள், ஒரு மேஜையும் ஒரு டேபிள் லைட்டுமாக இருந்தது. ஐம்பது வயதிருக்கும். டாலரை வாங்கிக்கொண்டு, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகி, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒரு ஊசியால் வெள்ளிக் கட்டின் விளிம்பைச் சுற்றி வந்தார். தனகோட்டி அந்த ஊசி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையை நிமிர்த்திய மனிதர் கேட்ட முதல் கேள்வி, "இத யாரும்மா சுடுதண்ணில போட்டது?"

இளவேனில், குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "நான்தான். க்ளீனிங் மெஷின்ல போட்டேன்" என்றாள்.

"அதாம்மா விஷயம். மரகதம் பொறக்கும்போதே உள்ளுக்குள்ள கீறலோடதான் பொறக்கும். கீறல் இல்லாத மரகதம் லட்சத்துல ஒண்ணு. அதனால கல்ல அறுத்ததும் எண்ணெயில ஊறவப்பாங்க. எண்ணெ கீறலுக்குள்ள போயி உக்காந்துக்கும். பாக்கறவங்க கண்ணுக்குக் கீறல் தெரியாது. நீங்க சூட்டுலயும் சோப்புலயும் போட்டு அதிரவச்சதுல எண்ணெ பூரா வெளிய வந்துடுச்சி. ஈரத்தோட பாத்தா தெரிஞ்சிருக்காது. காஞ்சதும் வெளுத்திருக்கும்."

"அப்ப கல்லு அதே கல்லா?" ராஜாங்கம் சார் கேட்டார்.

மீரான் மைதீன் பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்க சார். கல்ல மாத்தணும்னா இந்த வெள்ளி விளிம்பை நிமித்தித் திரும்ப மடக்கணும். மடக்கினா நகம் பட்ட மாதிரி தடம் விழும். இதுல ஒண்ணு இருக்கா? ஆதியில கட்டினவன் மடக்கினதுதான். இந்தக் கட்டை யாரும் தொறக்கல."

சார் வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டுப் பூதக்கண்ணாடியைக் கமலா அம்மாவிடம் கொடுத்தார். கமலா அம்மா அதை வாங்கவில்லை. தனகோட்டியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். தனகோட்டிக்கு அழுகை வரவில்லை. கேட்காமலே அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்லைத் திரும்பத் தேவதாரு எண்ணெயில் இளஞ்சூட்டில் ஊறவைத்துத் தருவதாகவும், வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார். "பழைய மாதிரியே வரும்னு சொல்ல மாட்டேன். முக்காவாசி வரும். இனிமே வெந்நீரும் வேணாம், சோப்பும் வேணாம், மெஷினும் வேணாம். ஈரத்துணியால தொடச்சா போதும்."

திரும்பி வரும்போது ராஜாங்கம் சார் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "வீடு வரைக்கும் கொண்டு வந்து விடறேன், எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுதான். இந்திரா நகர்த் தெருவுக்குள் கார் நுழைந்தபோது அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. தனகோட்டி இறங்கினாள். இளவேனிலும் கூடவே இறங்கி, காருக்குப் பின்பக்கம் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, அன்னைக்கு நீங்க ஏன் சொல்லல?" என்றாள். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"பயம்மா" என்றாள் தனகோட்டி.

வெள்ளிக்கிழமை விழாவில் கமலா அம்மா அந்த டாலரைப் போட்டிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரே ஒரு கோடு தெரிந்தது. அதற்கு முந்தின நாளே அவள், தனகோட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தெரிந்த வீடுகளுக்கெல்லாம் ஃபோன் போட்டு, "அது எங்க வீட்டு மெஷினால வந்தது, இவமேல ஒரு தப்பும் இல்ல" என்று சொன்னாள். ஒன்பதாவது பிளாக் அம்மா மறுவாரமே கூப்பிட்டாள். வேறு இரண்டு வீடுகளும் கூப்பிட்டன. வேலியோரம் நின்று பார்த்த அந்த அம்மா மட்டும் கடைசிவரை கூப்பிடவில்லை. முன்பும் அவள் அடிக்கடி கூப்பிட்டதில்லைதான். இருந்தாலும் அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் தனகோட்டியின் சைக்கிள் தானாக வேகம் பிடித்தது.

அதற்குப் பிறகு அவள் வழக்கத்தில் ஒன்று கூடியது. கல் நகை எதுவானாலும் கையில் வாங்கியதும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, வீட்டுக்காரர்கள் ஃபோனிலேயே ஒரு படம் எடுக்கச் சொல்வாள். காய்ந்த பிறகு இன்னொன்று. "எதுக்கு?" என்று சிரிப்பார்கள். "எனக்காவ எடுங்கம்மா" என்பாள். ஒரு வீட்டில் ஒரு பெண் முத்துமாலையை எலுமிச்சைச் சாறில் போடப் போனபோது, தனகோட்டி எட்டிக் கிண்ணத்தையே இழுத்துவிட்டாள். மேஜையெல்லாம் சாறு. பிறகுதான் காரணத்தைச் சொன்னாள், வார்த்தை தடுமாறி.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் பெங்களூர் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஐந்தாறு தரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"ஆன்ட்டி, நான் இளவேனில். அத்தை அந்தப் பச்சைக்கல் டாலரை எனக்கே குடுத்துட்டாங்க. வெள்ளி கறுத்திருக்கு. கல்லுல படாம எப்படித் துடைக்கணும்?"

தனகோட்டி சுவரில் சாய்ந்துகொண்டாள். "மொதல்ல அந்த மெஷினு எங்க இருக்குது, அத சொல்லும்மா."

"பரண்ல."

"அங்கியே இருக்கட்டும். ஒரு பழைய காட்டன் துணி எடுத்துக்க. நனைச்சி நல்லா புழிஞ்சிடு, சொட்டக் கூடாது. விபூதிய சலிச்சி, வெள்ளி மேல மட்டும், விரல்ல தொட்டுத் தேயி. கல்லு ஓரம் வர்றப்ப துணிய மாத்திக்க. அவசரப்படாத. கொழந்த தூங்கறப்ப செய்யி."

"சரி ஆன்ட்டி."

"முடிச்சிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு" என்றாள் தனகோட்டி. ஃபோனை வைத்த பிறகும் படம் வருகிற வரை அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை.